களவு கொடுத்தவர்

ஒரு வீட்டில் நகை திருட்டுப் போய்விட்டால் ஊர் என்ன செய்கிறது? துக்கம் விசாரிக்க வருகிறது. எதிர்வீட்டு மாமி காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வருகிறாள். அண்டை அயலார் திண்ணையில் உட்கார்ந்து, "போனது போகட்டும், உயிருக்கு ஒன்றும் இல்லையே, அதைச் சொல்லுங்கள்" என்று ஆறுதல் கூறுகிறார்கள். பீரோவைப் பூட்டாமல் கல்யாணத்துக்குப் போனது வீட்டுக்காரரின் பிசகுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நஷ்டப்பட்டவர் அவர். அவரையே போய்க் குற்றம் சொல்வது மனுஷத்தன்மை ஆகாது.

இந்தப் பண்பாட்டில் எனக்கும் பூரண சம்மதமே. ஆனால் திருட்டுப் போன சாமான் ஒரு கைத்துப்பாக்கியாக இருந்தால்? அப்போதும் நாம் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

தமிழில் ஒரு விசித்திரமான வழக்கு இருக்கிறது. திருடியவனைத் திருடன் என்கிறோம். பொருளை இழந்தவரைக் 'களவு கொடுத்தவர்' என்கிறோம், 'பறிகொடுத்தவர்' என்கிறோம். அவர் எங்கே கொடுத்தார்? பாவம், தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் பாஷை அவர் கையில் ஒரு 'கொடு'வைப் போட்டுத்தான் வைத்திருக்கிறது. நகை விஷயத்தில் அது வெறும் பேச்சு வழக்கு. துப்பாக்கி விஷயத்தில் அது அட்சரம் பிசகாத உண்மை என்று நான் சொல்லுகிறேன். பூட்டாமல் வைத்த துப்பாக்கியைக் களவு கொடுத்தவர், கொடுத்தவரேதான்.

நகை போனால் நஷ்டம் உடையவரோடு நின்றுவிடுகிறது. சங்கிலி அடகுக்கடைக்குப் போகும், அல்லது உருக்கப்பட்டுப் பாளமாகும். அதனால் மூன்றாம் மனிதர் ஒருவருக்கும் காயம் இல்லை. துப்பாக்கி போனால் உடையவருக்கு அதன் விலை மட்டுந்தான் நஷ்டம். நிஜமான நஷ்டம் வேறு யாருக்கோ, அவர் பெயரும் முகமும் அறியாத ஒருவருக்கு, இனிமேல்தான் வரப்போகிறது. இப்படி இருக்க, துக்கத்தை எந்த வீட்டில் விசாரிப்பது?

கதை எழுதுகிறவன் கற்பனையாகப் பேசுகிறான் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஸான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்ததைச் சொல்லுகிறேன். 2015-ம் வருஷம் ஜூன் மாதம் 27-ந் தேதி. மத்திய சர்க்காரின் நில நிர்வாக இலாகாவைச் சேர்ந்த ரேஞ்சர் ஒருவர் வெளியூர்ப் பயணத்தின் நடுவே அந்த நகரில் தம் காரைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போனார். காருக்குள் ஒரு பை. பைக்குள் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி. திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது, பையைக் காணோம். நான்கு நாள் கழித்து, ஜூலை 1-ந் தேதி மாலை, கடலோரத் துறைமேடையில் தகப்பனாரோடு உலாவிக்கொண்டிருந்த 32 வயதுப் பெண் ஒருத்தி திடீரென்று சுருண்டு விழுந்தாள். தரையில் பட்டுத் தெறித்து வந்த குண்டு. சுட்ட துப்பாக்கி அந்தப் பையில் இருந்த அதே துப்பாக்கி.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லவும் நாக் கூசுகிறது. துப்பாக்கி இருந்தது யார் கையில் என்று பார்த்தார்கள். அவன் அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தவன், பல தடவை வெளியேற்றப்பட்டும் திரும்பி வந்தவன். அவ்வளவுதான், தேசம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷத்து ஜனாதிபதித் தேர்தல் மேடைகளில் அந்தப் பெண்ணின் பெயர் முழங்கிற்று. எல்லைச் சுவர் எவ்வளவு உயரம் கட்ட வேண்டும், எந்த நகரம் யாருக்கு அடைக்கலம் தரலாம் என்று நூறு பேர் நூறு விதமாக வாதாடினார்கள். நிறுத்தின காரில் ஏன் தோட்டா போட்ட துப்பாக்கி இருந்தது என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் குரல்தான் எடுபடவில்லை. பகைமையை மூட்டும் கேள்விக்கு ஆள் சேரும். பூட்டைப் பற்றிய கேள்விக்கு யார் கொடி பிடிப்பார்கள்?

வழக்கு முடிந்த விதத்தையும் கேளுங்கள். கீழே துணியில் சுற்றிக் கிடந்ததை எடுத்தேன், தானே வெடித்துவிட்டது என்றான் அந்த ஆசாமி. 2017-ல் ஜூரிகள் அவனைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த குற்றம் மட்டும் நின்றது. 2019-ல் அப்பீலில் அதுவும் போயிற்று. பெண்ணைப் பெற்றவர்கள், ரேஞ்சரின் அஜாக்கிரதைக்குச் சர்க்கார் பதில் சொல்ல வேண்டும் என்று தனியே வழக்குப் போட்டார்கள். பையில் விட்டுப்போன செயலுக்கும் பெண்ணின் மரணத்துக்கும் இடையே நடந்தவை பல, இரண்டையும் இணைக்கும் சங்கிலி மிகத் தூரமானது என்று அந்த வழக்கும் தள்ளுபடி ஆயிற்று. 2021-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. கூட்டிப் பாருங்கள்: ஒருத்தி செத்தாள், சுட்டவன் கொலைகாரன் அல்ல, வைத்தவர் பொறுப்பாளி அல்ல. குண்டு ஆகாயத்திலிருந்து விழுந்தது போலும்!

என் வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லி ஆத்திரப்பட்டேன். அவர் நிதானமான மனிதர். "நீங்கள் கதைக்காரர், உங்களுக்கு எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டும். சட்டம் அப்படிப் பார்க்காது. நடுவே ஒரு திருடன் வந்துவிட்டான். அவன் சுதந்திரமான புத்தி உள்ள மனுஷன். அவன் செய்கைக்கு இன்னொருத்தரை எப்படிப் பிடிப்பது?" என்றார்.

"பாங்கிக் காஷியர் பணப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறார். பணம் போய்விடுகிறது. நடுவே திருடன் வந்துவிட்டான் என்று அவரை விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டேன்.

"அது வேறு. அது அவர் உத்தியோகக் கடமை. அவரிடம் இருப்பது பிறத்தியார் பணம்."

"துப்பாக்கி வைத்திருப்பவரிடம் இருப்பது பிறத்தியார் உயிர், ஐயா!"

நண்பர் சிரித்தார். இது கோர்ட்டில் செல்லாது என்றார். செல்லாதுதான். செல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றை ஊர் நடுவில் விட்டு வைத்தால், விழுந்தவன் கண் எங்கே போயிற்று என்று மட்டுமா கேட்கிறோம்? கிணற்றுக்காரரையும் கேட்கிறோம். கடிக்கிற நாயை அவிழ்த்து விட்டவரைக் கேட்கிறோம். மருந்துக் கடைக்காரர் விஷத்தைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும், விற்றதற்குக் கணக்கு எழுத வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இந்த நியாயங்களெல்லாம் துப்பாக்கியின் வாசற்படிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிடுகின்றனவே, அது எதனால்?

தப்பித் தவறி நடந்த ஒரு விபத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசுவதா என்று கேட்கலாம். 2017 முதல் 2021 வரையிலான ஐந்து வருஷத்தில் அமெரிக்காவில் தனி மனிதர்களிடமிருந்து திருட்டுப் போனதாகப் புகார் பதிவான துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கும் மேல். இது அந்நாட்டு மத்திய சர்க்கார் இலாகாவே வெளியிட்ட கணக்கு. அதிலும் 'புகார் பதிவான' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். துப்பாக்கி விற்கும் கடையில் திருட்டுப் போனால் 48 மணி நேரத்துக்குள் கடைக்காரர் தெரிவித்தாக வேண்டும் என்று அங்கே மத்தியச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு மத்தியச் சட்டத்தில் அந்தக் கடமை கிடையாது. சில மாநிலங்கள் மட்டும் தாமாகக் கேட்கின்றன. மற்ற இடங்களில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. தம்முடைய துப்பாக்கி எத்தனை நாளாகக் காணோம் என்பதே சிலருக்குத் தெரிவதில்லை என்கிறார்கள். ஆச்சரியம் இல்லை. நம் வீட்டுக் குடையை மழை வந்தபோதுதானே தேடுகிறோம்?

அந்தப் பத்து லட்சத்தில் நிறுத்தி வைத்த கார்களிலிருந்து போனவை பெரும் பகுதி. தற்காப்புக்கு என்று வாங்கியது. வாங்கினவர் சினிமாக் கொட்டகைக்குள் இருக்கிறார். துப்பாக்கியோ வெளியே காரைக் காத்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடியை உடைக்க ஒரு கல் போதும். ஒரு புண்ணியம், அந்தப் பெண் இறந்ததற்கு மறு வருஷம், 2016-ல், கலிபோர்னியா மாநிலம் விழித்துக்கொண்டது. போலீஸ்காரரானாலும் சரி, ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டுப் போனால் பூட்டித்தான் விட வேண்டும் என்று சட்டம் செய்தது. போலீஸ்காரருக்கு இதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைத்தால்தான் என்னவோ போல் இருக்கிறது.

தெருத் திருடன் கிடக்கட்டும். அவனைவிடச் சாமர்த்தியமான திருடன் ஒருவன் வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறான். அம்மா எந்த டப்பாவில் சில்லறை போட்டு வைத்திருக்கிறாள் என்பது எந்தக் குழந்தைக்குத் தெரியாது? அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலா, அரிசிப் பானைக்குள்ளா, சுவாமி படத்துக்குப் பின்னாலா? அப்பாவுக்கு ஒருகால் தெரியாமல் இருக்கும். குழந்தைக்குத் தெரியும். 'உயரத்தில் வைத்திருக்கிறேன், அவனுக்கு எட்டாது' என்று எந்தத் தாய் சொன்னாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. முறுக்கு டின்னை உயரத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வர்ஜீனியா மாநிலத்தில், நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில், 2023 ஜனவரியில் ஆறு வயதுப் பையன் ஒருவன் பையில் கைத்துப்பாக்கியைப் போட்டுக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்கு வந்து டீச்சரைச் சுட்டான். கையிலும் மார்பிலும் காயம். டீச்சர் பிழைத்ததே தெய்வச் செயல். துப்பாக்கி தாயாருடையது. அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள், பூட்டும் போட்டிருந்தாள் என்று அவள் தரப்பில் சொன்னார்கள். ஆறு வயதுப் பையன் திறக்கும் பூட்டு என்ன பூட்டு? தாய் பிறகு சிறைக்குப் போனாள்.

ஜெர்மனியில் வின்னன்டன் என்ற சிற்றூரில் நடந்ததுதான் என் மனசை அதிகம் அரிக்கிறது. 2009 மார்ச் 11-ந் தேதி, 17 வயதுப் பையன் ஒருவன் தான் முன்பு படித்த பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனான். அன்று மொத்தம் பதினைந்து பேரைக் கொன்றுவிட்டுத் தானும் மாண்டான். தகப்பனார் குறிபார்த்துச் சுடும் சங்கத்து அங்கத்தினர். வசதியுள்ள, ஒழுங்கான மனிதர். அவரிடம் சட்டப்படி பதிவான துப்பாக்கிகள் பதினைந்து. பதினாலை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். பதினைந்தாவது ஒன்றை மட்டும் படுக்கையறையில் வைத்திருந்தார்.

பதினாலைப் பூட்டிய மனிதரைப் பொறுப்பில்லாதவர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கத் தோன்றும். பூட்டத் தெரியாதவரல்ல, பூட்டில் நம்பிக்கை இல்லாதவரும் அல்ல. பூட்ட வேண்டும் என்பது தெரிந்துதான் பதினாலைப் பூட்டினார். அந்த ஒன்று 'எனக்கு' என்று வைத்துக்கொண்டது. சட்டம் ஊராருக்கு, தலையணை எனக்கு. நாணயமான மனிதர்கள் எல்லாருமே வாழ்க்கையில் எங்கேயோ ஒரு பதினைந்தாவதை இப்படி வெளியே வைத்துக்கொள்கிறோம். மற்ற விஷயங்களில் அதற்கு மன்னிப்பு உண்டு. ஜெர்மன் கோர்ட்டு இதை மன்னிக்கவில்லை. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தார் என்று தகப்பனாரைக் குற்றவாளி என்றது. சிறைக்கு அனுப்பாமல் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள், மறு விசாரணையில் 2013-ல் ஒன்றரை வருஷம் என்று முடிந்தது. தண்டனையின் அளவைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. பிள்ளையையே பறிகொடுத்த தகப்பனுக்கு ஜட்ஜு என்ன புதிதாகத் தண்டனை கொடுத்துவிட முடியும்? 'நடுவே ஒருவன் வந்துவிட்டான்' என்ற சமாதானத்தை அந்தக் கோர்ட்டு ஏற்கவில்லை, அதுதான் விஷயம். அதோடு அந்த வருஷமே சட்டத்தையும் திருத்தினார்கள். சந்தேகம் எதுவும் இல்லாமலேயே அதிகாரி வந்து, 'உங்கள் பெட்டியைக் காட்டுங்கள்' என்று கேட்கலாம்.

அமெரிக்கக் கோர்ட்டுகளிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்ற ஊர்ப் பள்ளியில் 2021 நவம்பர் 30-ந் தேதி 15 வயது மாணவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி, அதற்கு நான்கு நாள் முன்னால் தகப்பனார் அவனுக்காகக் கடையில் வாங்கியது. அன்று காலையில்தான் பையன் கணக்குத் தாளில் கிறுக்கி வைத்திருந்த பயங்கரமான படத்தைப் பார்த்துவிட்டுப் பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பையனை வீட்டுக்கு அழைத்துப் போகவும் இல்லை. வீட்டில் புதுத் துப்பாக்கி இருக்கிறது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவும் இல்லை. 2024-ல் தாயையும் தகப்பனையும் தனித் தனியே விசாரித்து, இருவருக்கும் குறைந்தது பத்து வருஷம், அதிகம் பதினைந்து வருஷம் என்று சிறை விதித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பலரைச் சுட்ட பிள்ளைக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அந்த தேசத்தில் அதுவே முதல் தடவை.

அந்த விசாரணையில் இரண்டு விவரம் வெளிவந்தது. துப்பாக்கியோடு கடைக்காரர் கொடுத்த கம்பிப் பூட்டு, உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. வீட்டில் இருந்த வேறு இரண்டு துப்பாக்கிகளுக்கு ஓர் எண் பூட்டுப் பெட்டி இருந்தது. அதைத் திறக்கும் எண் தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அதே மூன்று பூஜ்யம். நாவலில் இப்படி எழுதினால், 'நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

உறை பிரிக்காத அந்தப் பூட்டு அங்கே எப்படி வந்தது தெரியுமா? 2005-ம் வருஷத்து மத்தியச் சட்டம் ஒன்று கைத்துப்பாக்கி விற்கும் வியாபாரி கூடவே ஒரு பூட்டையோ பெட்டியையோ தர வேண்டும் என்று சொல்கிறது. கொடு என்கிறது, போடு என்று சொல்லவில்லை. தாலியை வாங்கி வைத்துவிட்டு முகூர்த்தம் வைக்காத கல்யாணம் மாதிரி!

இனி எதிர்க்கட்சியாரின் மகா அஸ்திரத்துக்கு வருவோம். நடுராத்திரியில் திருடன் கதவை உடைக்கிறான். அப்போது நான் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? இது லேசான கேள்வி அல்ல. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே 2008-ல் இதை ஒப்புக்கொண்டது. தலைநகரான வாஷிங்டனில் வீட்டுத் துப்பாக்கியைக் கழற்றியோ விசையைப் பூட்டியோதான் வைக்க வேண்டும் என்று இருந்த விதி தற்காப்புக்கே இடம் தரவில்லை என்று சொல்லி அதைச் செல்லாதாக்கிற்று. பயந்து வாழ்கிற மனுஷனைக் கேலி செய்ய நான் தயாரில்லை. தனி வீட்டில், வயசான காலத்தில், போலீஸ் வர அரை மணி ஆகும் ஊரில் இருப்பவருக்கு அந்தப் பயம் நிஜமானது. துப்பாக்கி வைத்துக்கொள்ளட்டும். கையில் இருக்கும்போது, இடுப்பில் இருக்கும்போது பூட்ட வேண்டாம். கையை விட்டு இறக்கி வைக்கும்போது பூட்டட்டும். விரல் ரேகை பட்டதும் திறக்கும் சிறு பெட்டிகளெல்லாம் இன்று கடையில் கிடைக்கின்றன. மூக்குக் கண்ணாடியைத் தேடும் நேரம்கூட ஆகாது. மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் 1998-லிருந்தே இதுதான் சட்டம். தன் வசத்தில் இல்லாத துப்பாக்கி பூட்டில் இருக்க வேண்டும். அங்கே யாரும் ராத்திரியில் தூக்கமில்லாமல் செத்துப் போய்விடவில்லை.

திருடன் நினைத்தால் பெட்டியையே பெயர்த்துக்கொண்டு போவான் என்பார்கள். போவான். அப்படிப்பட்டவன் வந்தால் நான் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லமாட்டேன். காப்பி போட்டு எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போவேன். திருடர்களில் முக்காலே மூன்று வீசம் பேர் சோம்பேறிகள் என்பது அவர்கள் மறந்துபோகும் விஷயம்.

கதைக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு தனிக் குறையும் உண்டு. நம் துப்பறியும் நாவல்களை எடுத்துப் பாருங்கள். துப்பாக்கி எங்கே இருக்கும்? மேஜை இழுப்பறையில், இல்லாவிட்டால் தலையணைக்கு அடியில். கதாநாயகன் சட்டென்று இழுத்தான், எடுத்தான், சுட்டான். 'அவன் மாடிக்குப் போய்ச் சாவிக் கொத்தைத் தேடி எடுத்து, பீரோவைத் திறந்து, இன்னொரு பீரோவிலிருந்து தோட்டாவை எடுத்து…' என்று எந்த ஆசிரியராவது எழுதியிருக்கிறாரா? எழுதமாட்டார். கதையின் வேகம் கெட்டுவிடும்.

வேகம் கெடட்டும் என்பதுதான் என் கட்சி! பூட்டு தருவது அந்தத் தாமதத்தைத்தான். இதற்கு ராணுவத்தின் சாட்சியே இருக்கிறது. இஸ்ரேல் ராணுவத்தில் இளம் சிப்பாய்கள் வார விடுமுறைக்கு வீடு போகும்போது துப்பாக்கியைக் கூடவே எடுத்துப் போவது வழக்கம். தற்கொலைகள் அதிகமாகவே, 2006-ல் அதை நிறுத்தி, முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தற்கொலை ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்தது. குறைந்ததும் வார இறுதி நாட்களில்தான். மற்ற நாட்களில் மாறுதல் இல்லை. சோகம் இருந்த இடத்தில்தான் இருந்தது, துப்பாக்கிதான் தள்ளிப் போயிற்று. சிப்பாய் ஊரில் வேறு வழி தேடவில்லை, திங்கட்கிழமை முகாமுக்குத் திரும்பியும் அதைச் செய்யவில்லை. அந்த ஒரு வேளை கடந்துவிட்டது, பிழைத்துக்கொண்டான். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். அப்படிச் சாகும் சிறுவர் சிறுமியர் எடுப்பது பெரும்பாலும் தங்கள் வீட்டுத் துப்பாக்கியைத்தான். பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கும் காதலில் தோற்ற பெண்ணுக்கும் அந்தப் பொல்லாத கால் மணி நேரத்தில் ஒரு பூட்டு குறுக்கே நின்றால் போதும். மறுநாள் பொழுது விடிந்துவிடும்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கவலை, நமக்கென்ன என்று வாசகர் பக்கத்தைப் புரட்டப் போகிறார். சற்றுப் பொறுங்கள்.

நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ் நிபந்தனைப்படி, துப்பாக்கி காணாமல் போனாலோ களவு போனாலோ உடனே போலீஸ் ஸ்டேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். 2016-ல் வந்த புது விதிகள், லைசென்ஸ் கேட்பவர் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பதற்கு ஆதாரம் காட்டவும் சொல்கின்றன. அந்த மட்டில் நாம் அமெரிக்காவைவிட மேல். மார் தட்டிக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனையை மீறினால் என்ன? சட்டத்தின் 30-வது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த 'அல்லது'தான் நம் சட்டங்களுக்குப் பிராண வாயு! ஒரு நல்ல இரும்பு பீரோ வாங்க 2,000 ரூபாய் போதாது. பீரோ வாங்குவதைவிட அபராதம் கட்டுவது லாபம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுகிறார்கள். அந்தச் சில வாரம் எந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று சர்க்காருக்கு நிச்சயமாகத் தெரியும். முடிவு வெளியானதும் ரசீதைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் போகிறதா, பரணில் போகிறதா, பெரியவர் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறதா, யார் போய்ப் பார்க்கிறார்கள்? பல பேருக்குத் துப்பாக்கி என்பது தற்காப்புச் சாதனம்கூட அல்ல, குடும்ப கௌரவம். கௌரவத்தைப் பீரோவுக்குள் பூட்டி வைத்தால் விருந்தாளி எப்படிப் பார்ப்பார்?

2019-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள், நல்லது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதைக் குற்றமாக்கினார்கள், மிகவும் நல்லது. அதே திருத்தத்தில் லைசென்ஸைப் புதுப்பிக்கும் கெடுவை மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீட்டியும் வைத்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தரமாவது அந்த மனிதரைக் கூப்பிட்டு உட்கார வைத்து நாலு கேள்வி கேட்கச் சந்தர்ப்பம் இருந்தது. அதையும் ஐந்தாக்கியாயிற்று. இங்கிலாந்தில் லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் போலீஸார் வீட்டுக்கே வந்து துப்பாக்கி அலமாரியைப் பார்க்கிறார்கள். ஜப்பானில் துப்பாக்கிக்கு ஒரு பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி; வருஷா வருஷம் சோதனை. அவர்களெல்லாம் வேலையற்றவர்களா?

நான் கேட்பது அதிகம் இல்லை. ஒப்படைத்த துப்பாக்கியைத் தேர்தல் முடிந்து திரும்ப வாங்க வருகிறாரே, அன்றைக்கே ஒரு காவலர் கூடப் போகட்டும். பெட்டி எங்கே, சுவரோடு பதித்திருக்கிறதா, தோட்டா வேறு இடத்தில் இருக்கிறதா, சாவி யாரிடம் என்று பார்த்துவிட்டு வரட்டும். சாவி வாசற்படி மேல், மாவிலைத் தோரணத்துக்குப் பின்னால் இருக்கிறது என்றால் துப்பாக்கியைத் திரும்ப ஸ்டேஷனுக்கே எடுத்து வந்துவிடட்டும். பூட்டாமல் வைத்துக் களவு போனால், நடுவே யார் வந்திருந்தாலும், களவு கொடுத்தவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறட்டும். அபராதம் மட்டும் என்று அல்ல.

வக்கீல் நண்பர் இதைப் படித்துவிட்டு, குற்றவாளிக் கூண்டு வரைக்கும் போக வேண்டாம், நஷ்டஈட்டோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். ஸான் பிரான்சிஸ்கோவில் பெற்றவர்கள் கேட்டதும் அந்த நஷ்டஈட்டைத்தான்.